முதுமறதியும் இல்லறத்தார் கடமையும்

மறதி என்பது குற்றமா, நோயா, வினைப்பயனா என்ற வினா நம் இல்லங்களில் மிகவும் பிந்தியே எழுகின்றது. தொடக்கத்தில் அது குற்றமாகவே கொள்ளப்படும். "சொன்னதையே சொல்கிறார்", "வேண்டுமென்றே செய்கிறார்", "எல்லாம் பாசாங்கு" என்று வீட்டார் சலித்துக்கொள்வர். ஈராண்டோ மூவாண்டோ கழிந்து மருத்துவர் ஒரு பெயர் சொன்ன பிறகு அதே மறதி நோய் எனப்படும். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றானபின் வினைப்பயன் என்று கூறி அமைவர். மூன்று பெயர்களும் ஒரே முதியவரின் ஒரே நிலையைக் குறித்தவைதாம். முதற்பெயர் வழங்கிய ஆண்டுகளில் அவர் கேட்ட சுடுசொற்கள் எத்தனை என்று எவரும் கணக்கு வைப்பதில்லை. அந்த ஆண்டுகளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

நினைவைப் பற்றி நம் ஆகமம் கூறுவதை முதலில் நோக்குவோம். உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம், மதிஞானம் நான்கு படிகளில் நிகழும் என்று வகுக்கின்றது. பொருளொன்று புலனுக்குத் தோன்றுதல் அவக்கிரகம். இஃது யாதாகலாம் என ஆராய முற்படுதல் ஈஹை. இன்னதே எனத் துணிதல் அவாயம். துணிந்ததை உள்ளத்தில் தரித்து வைத்தல் தாரணை. நினைவு என்னும் ஸ்மிருதியும் இம்மதிஞானத்தின் வேறுபெயர்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டுள்ளது. ஆசிரியப் பயிற்சி பெற்றோர், எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட மறதி ஆய்வை உளவியல் பாடத்தில் படித்திருப்பர். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கின்றது என்று அவர் அளந்தார். அவர் அளந்தது நலமுடைய மனத்தின் மறதி. மனனம் செய்தது தேய்ந்து போகும். மீண்டும் படித்தால் முன்னிலும் விரைவில் திரும்ப வரும். முதுமறதியில் அவ்வாறன்று. புதியது தரிக்கப்படுவதே இல்லை. காலையில் வந்து சென்ற பேரனை மாலையில் நினைவில்லை. எட்டு வயதில் மேல்சித்தாமூர்த் தேர் பார்த்த நாள் மட்டும் எழுத்தெழுத்தாக நினைவிருக்கும். "பழையதெல்லாம் நன்றாகச் சொல்கிறாரே, இவருக்கு என்ன மறதி?" என்று வீட்டார் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

மருத்துவ நூல்களில் இந்நோய் பெயர் பெற்ற வரலாறும் ஓர் இல்லறத்துப் பெண்ணிடமிருந்தே தொடங்குகின்றது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1901ஆம் ஆண்டில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகஸ்தே என்னும் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணியை அலாய்ஸ் அல்ஸைமர் என்னும் மருத்துவர் கவனித்து வந்தார். கணவர்மேல் காரணமற்ற ஐயமும், சமையலில் தடுமாற்றமும், பொருள்களை ஒளித்து வைத்தலுமே வீட்டார் முதலிற் கண்ட குறிகள். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து 1906இல் அறிஞரவையில் வெளியிட்டார் அல்ஸைமர். நூற்றிருபது ஆண்டுகள் கழிந்தும் நம்மூர் மருமகள் தன் மாமியாரைப் பற்றி முதலிற் கூறும் குறைகள் ஏறத்தாழ இவையே.

நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நிலையில் இருப்பதாக 2023ஆம் ஆண்டில் வெளியான பெரும் ஆய்வொன்று கணித்தது. ஆடவரினும் பெண்டிர்க்கும், நகரத்தாரினும் கிராமத்தார்க்கும், கல்வி பெற்றோரினும் பெறாதோர்க்கும் மிகுதி என்றும் அது கூறிற்று. கல்லாதோரைப் பொறுத்தவரை கண்டறிவதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. எழுத்தும் கணக்கும் கேட்டு மதிப்பிடும் மேனாட்டுத் தேர்வு, பள்ளி செல்லாதவரையெல்லாம் நோயாளியாக்கிவிடும்; அல்லது நோயை மறைத்துவிடும். இதனைத் திருத்தக் கருதி 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர் தொடங்கிய குழுவின் பணியில் சென்னையும் வேலூரும் களங்களாக இருந்தன. நம் தமிழ்நாட்டு முதியோர் உலக ஆய்வுக்கு அளவுகோல் தந்திருக்கின்றனர் என்பது பலர் அறியாத செய்தி.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் அந்த ஆய்வாளர் கூறியது கண்கூடு. சிறுமியாயிருந்தபோதே தீக்குச்சி அடுக்கச் சென்று, பின்னர்ப் பெட்டி ஒட்டி, எழுத்தறியாமலே முதுமையடைந்த பெண்கள் பலர் இங்குண்டு. அவர்களுடைய கல்வி எண்ணிக்கையே. 144 பெட்டி ஒரு குரோஸ் என்னும் கணக்கு விரல் நுனியில் நிற்கும். எங்கள் தெருவில் அத்தகைய அம்மையார் ஒருவர் இருந்தார். ஒட்டிய பெட்டிக்குக் கூலி தருபவர் தம்மை ஏய்க்கிறார் என்று வாரந்தோறும் வழக்காடத் தொடங்கினார். முதுமையில் நாக்குத் தடித்துவிட்டது என்றே அக்கம்பக்கத்தார் பேசினர். ஏறத்தாழ ஓராண்டு கழிந்து, எப்போதோ மூடப்பட்ட தீப்பெட்டி ஆலை இருந்த தெருவிற்கு விடியற்காலையில் தூக்குவாளியுடன் சென்று நின்றபோதுதான் அவர் மகளுக்கு உண்மை விளங்கிற்று. எண்ணிக்கை தவறியதே முதற்குறி. எண்ணி வாழ்ந்தவருக்கு எண்ணுவதில்தான் நோய் முதலில் வெளிப்படும். சமைத்து வாழ்ந்தவருக்குச் சமையலில். பூஜை செய்து வாழ்ந்தவருக்குப் பூஜையின் முறையில்.

ஆகவே பொதுவான பட்டியலைக் காட்டிலும், அவரவர் எதில் வல்லவரோ அதில் நேரும் மாற்றத்தை நோக்குதல் வேண்டும். சாவியை வைத்த இடம் மறத்தல் எவர்க்கும் உண்டு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இஃது எதற்கு என்று விழித்தல் வேறு. குழம்பில் ஒரு நாள் உப்பு மிகுதல் இயல்பு. நாற்பதாண்டு செய்த குழம்பில் புளி கரைக்க வேண்டுமென்பதே தோன்றாமற்போதல் வேறு. நாடெங்கும் செல்லும் நாட்காட்டிகள் அச்சாவது சிவகாசியில். ஆடிப் பதினெட்டிலேயே அடுத்த ஆண்டிற்கான மாதிரிகள் வெளிவந்துவிடும் ஊர் அது. நாள்தோறும் தாள் கிழிப்பது பல வீடுகளில் பெரியவர் ஒருவரின் உரிமை. அவர் ஒரே நாளில் மூன்று தாளைக் கிழிப்பதும், வாரக்கணக்கில் கிழிக்காமலிருப்பதும், அட்டமி எது சதுர்த்தசி எது என்று ஒரே காலையில் நான்கு முறை கேட்பதும் கவனிக்கத்தக்கன. சொற்கள் நழுவி "அது, அந்தப் பொருள்" என்றே பேச்சு ஓடுதல், காய்கறிக் கடையில் 500 ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு மீதி வாங்காமல் வருதல், பழகிய தெருவில் திரும்ப வழி தெரியாது நிற்றல், பணப்பையைத் தாமே ஒளித்துவிட்டு மருமகள் எடுத்துவிட்டாள் என்றல் ஆகியவையும் அத்தகையன. சுவாத்தியாயம் விடாது செய்துவந்தவர் "கண் தெரியவில்லை" என்று நூலை மூடிவிடும்போது, கண்ணாடி மாற்றியும் திறக்கவில்லையானால், குறை கண்ணில் இல்லை என்று அறியலாம். இவ்வாறு சாக்குச் சொல்லி மறைப்பது வஞ்சகமன்று. தம் அறிவு கைநழுவுவதை முதலில் அறிபவர் அவரேயாதலின், அச்சத்தால் மறைக்கின்றார்.

பட்டாசு, தீப்பெட்டித் தொழிலிடங்களில் இது பிறர் உயிரையும் பற்றியது. மருந்து கலக்குமிடத்தில் ஒரு கணத் தவறு எத்தனை வீடுகளை அழிக்கும் என்பதை இவ்வட்டாரத்தார்க்குக் கூற வேண்டுவதில்லை. முதுமையிலும் கூலிக்காக அவ்வேலைக்குச் செல்வோர் உண்டு. தடுமாற்றம் கண்ட பிறகும் கூலி போகுமே என்று வீட்டார் மறைப்பாராயின், அது வறுமையின் பிழை என்று எவ்வளவு இரங்கினாலும், கொல்லாமை நோன்புடையார் ஒப்பத்தக்கதன்று. நம் வீடுகளில் அடுப்பும் எரிவாயுக் குழாயும் விளக்கும் உள்ளனவே.

மறதியெல்லாம் தீராநோய் என்று எண்ணிவிடுதலும் தவறு. நம் சமூகத்தார் தனித்துக் கவனிக்க வேண்டிய ஒன்று உயிர்ச்சத்து பி12 குறைவு. தாவர உணவில் அச்சத்து இல்லை; பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. முதுமையில் வயிறு அதனை ஈர்க்கும் ஆற்றலும் குறைகின்றது. சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் நெடுநாள் உட்கொள்வோர்க்கு மேலும் குறையும். மறதி, கால் மரத்துப்போதல், நடைத் தடுமாற்றம் ஆகியவற்றை இக்குறை விளைவிக்கும். காலத்தே கண்டால் பெரிதும் சீராகும். இம்மருந்து நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆக்கப்படுவது, ஊனிலிருந்து எடுப்பதன்று. உறையிட்ட மருந்துகளின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து பெறும் ஜெலட்டின் என்பதால், மாத்திரையாகக் கேட்டு வாங்கலாம். கழுத்துச் சுரப்பியான தைராய்டின் குறைவு, கீழே விழுந்ததால் மூளைமேல் குருதி கட்டுதல், துணையை இழந்த துயரம் முற்றிய மனச்சோர்வு, தூக்க மருந்தின் மிகை, காது கேளாமை ஆகியவையும் மறதிபோலத் தோன்றும். நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இரண்டொரு நாளில் பிதற்றினால் அது முதுமறதியன்று. சிறுநீர்த் தொற்றோ குருதியில் உப்புக் குறைவோ இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். விருதுநகரிலேயே 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையும் காணலாம். முதியோர்க்கான 14567 என்னும் உதவி எண்ணும் உண்டு.

"இது ஞானாவரணீய வினையின் உதயம், மருத்துவர் என்ன செய்வார்?" என்று கேட்போர் நம்மிடையே உளர். வினை உண்டென்பதை நானும் மறுக்கவில்லை. ஆயின் வினை பயன் தருவதற்கு நிமித்தங்கள் வேண்டும் என்பதும் நம் நூற்கொள்கையே. பசிக்கும் வேதனீய வினையே காரணம் என்று எவரும் அடுப்பை அணைத்துவிடுவதில்லையே. அன்றியும், வினை அறிவை மறைக்குமேயன்றி அழிப்பதில்லை. நிகோதத்தில் கிடக்கும் உயிர்க்கும் அறிவின் ஓரணு மறைக்கப்படாமல் எஞ்சி நிற்கும் என்று நம் ஆசாரியர் கூறியிருக்க, மகன் பெயரை மறந்த தாயைக் குறித்து "அம்மா போய்விட்டார், உடம்புதான் இருக்கிறது" என்று உறவினர் எதிரில் பேசுதல் எவ்வாறு பொருந்தும்? உயிரின் இலக்கணம் உபயோகம்; நினைவு அவ்வுபயோகத்தின் ஒரு வாயில் மட்டுமே.

இனி, ஏன் முன்கூட்டியே அறிய வேண்டும்? அல்ஸைமர் நோயை முற்றும் மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. அவ்வாறாயின் ஆறு மாதம் முன் அறிந்தாலென்ன, பின் அறிந்தாலென்ன என்று கேட்கலாம். என் விடை இது: அறிவு முற்றும் மறையுமுன் அவர் வாயாலேயே அவர் விருப்பத்தைக் கேட்கும் காலம் அது ஒன்றே.

இரவு உண்ணாமையை எடுத்துக்கொள்வோம். ஐம்பதாண்டு காலம் ஞாயிறு மறைந்தபின் வாயில் அன்னம் வையாதவர், இரவு ஒன்பது மணிக்கு "எனக்குச் சோறே போடவில்லை" என்று அழுகின்றார். மாலையில் உண்டது நினைவில்லை, நோன்பும் நினைவில்லை. கொடுத்தால் அவர் நோன்பை நாம் முறித்தவராவோம். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றனுள் செய்வித்தல் நம் தலையில் விழும். மறுத்தால் முதியவர் பசியென்று அழ நாம் கதவடைத்து உறங்க வேண்டும். இவ்வினாவை என்னிடம் கேட்ட குடும்பங்கள் ஒன்றல்ல. நான் கூறுவது: முதலில் மாலை உணவை ஞாயிறு மறைவதற்குச் சற்று முன்னராக, நிறைவாக, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளிக்க வேண்டும். இரவில் கேட்டால் பேச்சை மாற்றிப் பார்க்கலாம். பலமுறை அதுவே போதும். அதற்கும் அடங்காது மெய்யாகவே பசித்திருந்தால், பாலோ கஞ்சியோ தருவதே முறை. உயிர்களை நலியாமை என்னும் முதல் அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களுள் உணவும் நீரும் தடுத்தல் ஒன்று. இரவு உண்ணாமையோ அந்நலியாமையைக் காப்பதற்கே ஏற்பட்ட வேலி. பயிரை மிதித்து வேலியைக் காப்பாருண்டோ? கற்றறிந்த பெரியோர் சிலர் இதற்கு உடன்படாமற் போகலாம். அவர் கூற்றையும் மதிக்கின்றேன். ஆயினும், நினைவு தெளிவாயிருந்த நாளிலேயே "அம்மா, பிற்காலத்தில் இரவில் நீங்கள் உணவு கேட்டால் நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால், இத்தனை வாதத்திற்கு இடமிராது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், வேண்டா, தம் சார்பில் பேசுவோர் யார் என்று முன்னரே எழுதி வைக்கும் உரிமையைத் தருகின்றது.

அவ்வைந்து அதிசாரங்களை நாம் பாடசாலையில் ஆடு மாடுகளை வைத்தே பிள்ளைகளுக்கு விளக்குகின்றோம். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவு நீர் தடுத்தல். முதுமறதி கண்டவர் வீட்டில் ஒரு நாள் அமர்ந்து பார்த்தால் அப்பட்டியல் ஆடு மாடுகளோடு நிற்பதன்று என்பது விளங்கும். வெளியே சென்றுவிடுவார் என்று கட்டிலோடு புடைவையால் பிணைத்தல் உண்டு. படுக்கையை நனைப்பார் என்று நண்பகலுக்குப் பின் தண்ணீர் கொடாமை உண்டு; அவ்வாறு நீர் குறைவதாலேயே தொற்றும் பிதற்றலும் மிகும். அடித்தலும் உண்டு, அதனை விரித்துரைக்க வேண்டா. பாரம் ஏற்றுதல் என்பதை நான் மற்றொரு பக்கம் திருப்பிக் காண்கின்றேன். நான்கு மக்கள் இருக்க, ஒரு மருமகள் மட்டும் இரவும் பகலும் உறங்காது காத்து நிற்கின்றாளே, அவள்மேல் ஏற்றுவது அளவுக்கு மிஞ்சிய பாரமன்றோ? வையாவிருத்தியம் என்னும் பணிவிடை அகத்தவம் ஆறனுள் ஒன்று என்று மேடையிற் புகழ்ந்துவிட்டு, அத்தவத்தை ஒருத்திக்கே விட்டுவிடுதல் எளிது. ஆடவரும், வெளியூரிலுள்ள மகளிரும் மாதத்தில் சில நாளேனும் முறை வைத்து வந்து தங்குதல் வேண்டும். பணம் அனுப்புதல் அதற்கு ஈடாகாது.

மற்றொரு வினா வாய்மை பற்றியது. பத்தாண்டுக்கு முன் மறைந்த கணவர் எங்கே என்று அவர் மாலைதோறும் கேட்கின்றார். இறந்துவிட்டார் என்றால் அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல் கதறுகின்றார், மறுநாளும் கேட்கின்றார். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வாய்மை அணுவிரதத்திற்கு இலக்கணம் வகுக்கும்போது, பெரும்பொய்யை விலக்குவதோடு பிறர்க்குத் துன்பம் விளைக்கும் மெய்யையும் விலக்கச் சொல்கின்றார். எனினும், "கடைக்குப் போயிருக்கிறார்" என்று எளிதாகப் பொய் சொல்லவும் எனக்கு மனம் இசையவில்லை. பொய்க்கும் கொடிய மெய்க்கும் இடையே இடமுண்டு. "அப்பாவை நினைத்துக்கொண்டீர்களா? அவர் உங்களுக்கு முதன்முதலில் வாங்கித் தந்தது என்ன?" என்று கேட்டால் பேச்சு அவ்வழியே செல்லும். அவர் வேண்டியது செய்தியை அன்று, துணையை.

சல்லேகனையைப் பற்றியும் ஒரு சொல். 2015இல் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அதனைத் தற்கொலைக்கு ஒப்பாக்கித் தீர்ப்பளித்ததும், அதே ஆகஸ்டு மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் வாசகர் அறிவர். அது தெளிந்த அறிவுடன், கஷாயம் நீங்கித் தாமே மேற்கொள்வது என்பதே அன்று நாம் எடுத்துரைத்த வாதம். ஆகவே நினைவு மறைந்தவர்க்கு அவர் சார்பில் பிறர் அதனை ஏற்க இயலாது. இதனை அழுத்திக் கூறக் காரணம் உண்டு. இம்மாவட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் "தலைக்கு ஊற்றுதல்" என்றொரு கொடுமை வழங்கிற்று. நோயுற்ற முதியவர்க்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீராட்டி, இளநீரை மிகுதியாகக் கொடுத்து உயிரைப் போக்குவது அது. வீட்டார் பேசியதைக் கேட்டு ஒரு முதியவர் தப்பி உறவினரிடம் அடைக்கலம் புகுந்ததால் 2010இல் செய்தித்தாள்களில் வெளியாயிற்று. சிறந்த தமிழ்ப் படத்திற்கான 2018ஆம் ஆண்டின் தேசிய விருது பெற்ற "பாரம்" அதனையே கதையாகக் கொண்டது. "உங்கள் சமயத்திலும் இதுதானே உண்டு" என்று படித்தவர்களே நம்மிடம் கேட்பதுண்டு. இல்லை என்று அஞ்சாமற் சொல்லலாம். ஒன்று தன் உயிரின் உறுதி. மற்றொன்று பிறர் உயிரைப் போக்கும் கொலை. "பாட்டிக்குப் போதும்" என்று நாம் முணுமுணுக்கும்போது நம் மனம் எந்தப் பக்கம் சாய்கின்றது என்பதை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு செய்தி வியப்புக்குரியது. மக்கள் பெயர் மறந்த பிறகும், சிறுவயதில் ஓதிப் பழகியவை நெடுங்காலம் நிற்கின்றன. பஞ்சமந்திரத்தைப் பிழையின்றிச் சொல்பவர் தாம் உண்டதை அறியார். இது நாவின் பழக்கமா, உள்ளத்தின் பாவமா என்று என்னிடம் கேட்டனர். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். செய்யத்தக்கது எளியது. சந்திக்காலத்தில், முதியோர்க்குக் கலக்கம் மிகும் அந்த நேரத்தில், அருகிலமர்ந்து முதற்சொல்லை மட்டும் நாம் தொடங்கிவிட்டுச் சற்றுப் பொறுத்திருத்தல் வேண்டும். மீதியை அவர் சொல்லிவிடுவார். சில நாட்களில் சொல்லமாட்டார். அன்று நாமே முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, விளக்கைச் சற்று எட்டி வைத்துவிட்டு எழுந்து வரலாம்.